உருட்டி வைத்த நைட்டிகள்

எங்கள் பட்டறையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிஷினையோ வேலையையோ சொல்லித்தான் கூப்பிடுவோம். துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் போடுகிறவர் ஓவர்லாக் அக்கா. கை ஏற்றுகிறவள் கைக்காரி. கழுத்து வைக்கிறவள் கழுத்துக்காரி. நான் முதலாளி என்றாலும் என்னையும் ‘கத்திரி’ என்றுதான் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள் என்று தெரியும். துணி வெட்டுவது நான்தான், வாயும் கொஞ்சம் வெட்டும். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெரு, அதில் எங்கள் வீட்டு முன் ஹால், நாலைந்து தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை. நைட்டி தைக்கிறோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பால் வாங்கவும் தண்ணீர் பிடிக்கவும் பிள்ளையை வேன் ஏற்றிவிடவும், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, காலையில் பாதி ஊர் அதில்தான் நிற்கிறது.

வெகுகாலம் ராஜபாளையத்து மொத்தக்கடை அண்ணாச்சி ஒருவருக்கு மட்டும்தான் தைத்துக் கொடுத்தேன். ஒரே கழுத்து, ஒரே கை, ஒரே நீளம். துணி கட்டுக் கட்டாக வரும், நைட்டி கட்டுக் கட்டாகப் போகும். அதை உடுத்தப்போவது குட்டையா நெட்டையா என்று நான் கவலைப்பட்டதே இல்லை. போன வருஷம் ஒருநாள் அண்ணாச்சி போனில், “வடக்க இருந்து இதவிட மலிவா வருது தாயீ, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத” என்றார். நான் மனசில் வைத்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறது.

அது தை மாதக் கடைசி. அந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் சார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே கடையநல்லூர் பாய் ஒருவருடைய கடையில் பரோட்டா மாஸ்டர். கல்யாணமான புதிதில் போனவர். வருவதும் போவதுமாகவே காலம் ஓடி, மகளும் வளர்ந்து திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் விசா செத்துவிடும். போன தடவைகளில் ஒரு மாதம் முடிவதற்குள் பெட்டியைக் கட்டிவிடுவார். இந்தத் தடவை, “பாப்போம், ஆடித்தபசு முடியட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியை மட்டும் பிரித்து வைக்கவில்லை. சட்டை வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து எடுப்பார், துவைத்து மடித்ததும் பெட்டியிலேயே வைப்பார். சொந்த வீட்டில் லாட்ஜில் தங்குகிறவரைப் போல அவர் இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சி கைவிட்ட பட்டறையை வைத்துக்கொண்டு, வருமானத்தோடு இருக்கிற மனுஷனை எந்த முகத்தோடு ‘இருங்கள்’ என்று சொல்வது? பட்டறை பிழைத்தால் அவரும் இருப்பார், படுத்தால் பறந்துவிடுவார். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தோம்.

சும்மா கிடந்த துணியில் நாலு நைட்டி தைத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டேன். அன்றே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் ஒருத்தியாவது போட்டோவில் இருப்பதை அப்படியே கேட்க வேண்டுமே! சிவகிரியிலிருந்து ஒருத்தி, இதே பூ, ஆனால் கை முழங்கைக்குக் கீழே இறங்க வேண்டும் என்றாள். மேலநீலிதநல்லூர் டீச்சருக்கு போன் வைக்கப் பாக்கெட் வேண்டும், அதுவும் இடது பக்கம். இன்னொருத்திக்குக் காலில் தட்டாத நீளம். பிள்ளை பெற்றவளுக்கு முன்னால் ஜிப். பெண்பிள்ளைகள் இத்தனை காலமும் அண்ணாச்சி அனுப்பியதை மாட்டிக்கொண்டு, மனசுக்குள் ஆளுக்கொரு நைட்டி வைத்திருந்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எல்லோருக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்னவளுக்கு என்ன, தைக்கிறவர்களுக்கு அல்லவா தெரியும்! ஒவ்வொரு நைட்டியையும் முதலிலிருந்து வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நூல் கண்டு மாற்றி, ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. ஓவர்லாக் மிஷினில் நூல் மாற்றுவது ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி இல்லை. கண்டு கண்டாக மாற்றி, ஒவ்வொன்றையும் அதனதன் ஓட்டை வழியாக இழுத்துவர வேண்டும். ஊதா நைட்டிக்கு மாற்றி முடித்தவுடன் அடுத்தது மஞ்சள் என்றேன். ஓவர்லாக் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏ தாயீ, நாம நைட்டி தைக்கமா, ஒவ்வொண்ணுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கமா?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு கைப்பிடிதான் முடிந்திருந்தது. கேட்டவர்கள் போன் செய்து ஏச ஆரம்பித்தார்கள்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவர் சும்மா பார்க்க மாட்டார், பல்லுக்குள் சிரித்துக்கொண்டு பார்ப்பார். அதுதான் எனக்கு ஆகாது. அன்று சாயங்காலம், “கெளம்பு, பரோட்டா திங்கப் போவோம்” என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போனவர் மேசையில் உட்காரவில்லை. பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவைத்தார்.

“இங்கன பாரு. அந்த ஈரத்துணிக்கு அடியில என்ன இருக்கு?”

“மாவு உருண்டை. இதப் பாக்கவா கூட்டிட்டு வந்திய?”

“ஆளு வரதுக்கு முன்னாலயே மாஸ்டர் என்னத்தப் போட்டு வச்சிருக்கான்? பரோட்டா போட்டு வச்சிருக்கானா? இல்ல. உருண்டையத்தான் போட்டு வச்சிருக்கான். சாதா கேட்டா சாதா, வீச்சு கேட்டா வீச்சு, முட்ட கேட்டா முட்ட. ஆளு வந்து வாயத் தொறக்கற வரைக்கும் அது வெறும் உருண்ட. கேட்டவனுக்குக் கேட்டது கெடைக்கும், அஞ்சு நிமிசத்துல. நீ என்ன பண்ணுத? ஆளு வந்த பெறகு மாவு பெசையுத.”

கல்லுக்குப் பின்னால் நின்ற மாஸ்டர், தன்னைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்து, ஒரு உருண்டையைத் தேவைக்கு மேல் உயரமாக வீசிக் காட்டினார். எனக்குச் சுருக்கென்று பட்டது. ஆனால் அப்போதே ஒத்துக்கொண்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. “சால்னா ஆறிப்போவும், உக்காருங்க” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தோம். முன் துணி, பின் துணி இரண்டையும் மூன்று அளவில் வெட்டி, தோளை மட்டும் சேர்த்து உருட்டி வைப்பது. பக்கம் மூட்டக்கூடாது, பாக்கெட் எந்தப் பக்கம் என்று தெரியாதே. கழுத்தைப் பேருக்குச் சின்னதாக வெட்டி வைப்பது. துணியை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது, அதனால் கழுத்தைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். கீழே மடிக்கக்கூடாது. கையைத் தனியாக மூன்று நீளத்தில் தைத்து அடுக்கிவைப்பது. யாராவது கேட்டால், அடுக்கிலிருந்து ஒரு உருண்டை, அடுக்கிலிருந்து ஒரு கை, கழுத்து, பாக்கெட், மடிப்பு. காலையில் கேட்டவளுக்குச் சாயங்காலம் பஸ்ஸில் பார்சல் போய்விடும். என் வீட்டுக்காரர்தான் மொபெட்டில் கொண்டுபோய் ஏற்றிவிடுவார்.

ஓவர்லாக் அக்கா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். எந்த ஆர்டர் முதலில் வந்தது என்று அவர் பார்க்க மாட்டார், நிறத்தைத்தான் பார்ப்பார். வெயில் நன்றாக ஹாலுக்குள் அடிக்கிறபோது கருநீலமும் மெரூனும். வெளிச்சம் சாய்ந்த பிறகு வெளிர் நிறங்கள். கருத்த நிற நூல் வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. நூல் மாற்றுகிற வேலை பாதிக்கு மேல் குறைந்துபோனது. இதில் மாறாதது ஒன்றுதான்: தன் மிஷினை வேறு யாரையும் தொடவிட மாட்டார். கைக்காரி ஆசையாகப் பக்கத்தில் போனால்கூட, “தள்ளி நில்லு மக்கா, அது கடிக்கும்” என்பார்.

சித்திரை, வைகாசி எல்லாம் நன்றாகப் போயிற்று. ‘எத்தனை உருண்டை இருக்கு?’ என்பதுதான் பட்டறையில் காலையில் முதல் பேச்சு. வந்த ஒரு கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, பலகாரம் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். மனுஷனுக்கு நடையே மாறிவிட்டது. பெட்டி மட்டும் மாறவில்லை. சார்ஜா பாய் அடிக்கடி போன் செய்வார். நல்ல மனுஷர், எனக்கும் சலாம் சொல்லச் சொல்வார். இவர் வெளியே போய் நின்று பேசிவிட்டு வருவார். என்ன என்று நான் கேட்க மாட்டேன்.

ஆடி பிறந்தது. இங்கே ஆடி என்றால் அம்மன் கோயில் தபசுத் திருவிழாதான். கொடி ஏறினால் ஊர் நம் கையில் இருக்காது. நேர்ந்துகொண்டவர்கள் கோயிலை ஆடிச்சுற்றுச் சுற்றுவார்கள். நூறு, ஐந்நூறு என்று ஆளுக்கொரு கணக்கு. எங்கள் பட்டறையில் எல்லோருமே சுற்றுகிறவர்கள், நான் உட்பட. லீவு கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் அம்மன் கேட்பதற்கு முன்னால் ஓவர்லாக் அக்கா கேட்பார். அதனால் முறை வைத்துப் போவது என்று முடிவு செய்தோம். வெயில் ஏறுவதற்குள் ஓவர்லாக் அக்கா போய்வர வேண்டும், அவர் வரும்வரை கழுத்தும் கையும் ஓடும். அவர் வந்ததும் மற்றவர்கள் போகலாம். ஆள் குறைகிற நாட்களுக்காக முன்கூட்டியே நிறைய உருண்டை பிடித்து வைத்துவிட வேண்டும். அதை மாஸ்டர் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

பார்த்துக்கொண்டார். நான் என் முறைக்குச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால், வெட்டு மேசை மேல் மலைபோல உருண்டை. சந்தோஷத்தோடு ஒன்றை எடுத்து விரித்தேன். நெஞ்சில் ஜிப். அடுத்ததை எடுத்தேன். ஜிப். அடியிலிருந்து ஒன்றை உருவினேன். அதிலும் ஜிப்.

“எல்லாரும் ஜிப்புதான கேக்குதாங்க? தபசு நேரத்துல ஆளு இருக்காது, இப்பமே வச்சுட்டா ஒரு வேல கொறையும்னு கழுத்துக்காரிய வைக்கச் சொன்னேன்” என்றார். அவர் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கிற சிரிப்பு.

ஓவர்லாக் அக்கா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மாஸ்டர், உருண்டையிலேயே முட்டைய ஒடச்சு ஊத்திட்டியளே” என்றார்.

அப்போது எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரிப்பு இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. சிறுவயதுப் பெண்கள் ஜிப் கேட்டது உண்மைதான். ஆனால் தபசுக்கு நைட்டி கேட்டு வந்தவர்கள் முக்கால்வாசி அவர்களுடைய அம்மாக்களும் மாமியார்களும். பெரிய அளவு வேண்டும், ஜிப் வேண்டாம். பனவடலிசத்திரத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, நைட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தீயைத் தொட்டவர் மாதிரி திருப்பிக் கொடுத்தார்.

“இந்த வயசுல எனக்கு எதுக்குட்டி ஜிப்பு? இனிமேயா புள்ள பெத்துப் பால் குடுக்கப் போறேன்?”

சிறிய அளவுகள் போய்விட்டன. பெரிய அளவு அப்படியே மலையாக நின்றது. ஜிப்பைப் பிரித்தால் நெஞ்சில் கிழிசல் நிற்கும். துணி வாங்க வைத்திருந்ததெல்லாம் அந்த மலையில் முடங்கிக் கிடந்தது. அன்று ராத்திரி மாஸ்டர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, “பாய் மறுபடி கேட்டாரு. தபசு முடிஞ்சதும் டிக்கெட் போடவானு” என்றார்.

“நீங்க என்ன சொன்னிய?”

“பாக்கேன்னு சொல்லிருக்கேன். நமக்குப் பரோட்டாதான் வரும் போல.”

போகாதீர்கள் என்று அப்போதும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டில் எது முந்தியது என்று தெரியவில்லை.

மறுநாள் சுற்றுக்குப் போனேன். ஆடிக் காற்று சேலையைப் பிடுங்கியது. கூட்டம் முன்னேயும் பின்னேயும் நெருக்கியது. அம்மனை நினைத்துச் சுற்ற வேண்டும். நான் நினைத்ததெல்லாம் நைட்டி. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எனக்கு முன்னால் போன பெரியம்மா கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பக்தி என்று நினைத்தேன். பக்கத்தில் போனவரும் வைத்தார். அதற்கு அடுத்தவரும். பக்தியாவது ஒன்றாவது! ரவிக்கைக்குள் வைத்த பர்ஸ் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். நானே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சேலை கட்டினால் ரவிக்கை இருக்கிறது. நைட்டி போட்டால் இந்தப் பர்ஸ் எங்கே போகும்? என் அம்மா இடுப்பில் செருகி, வழியில் தவறவிட்டுப் புலம்பியது ஞாபகம் வந்தது. சுற்று எத்தனை என்பது அந்த இடத்தில் எனக்கு விட்டுப்போயிற்று. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

ஒரு பெரிய உருண்டையை எடுத்தேன். ஜிப்புக்குப் பின்னால் உள்பக்கமாக ஒரு துணிப்பை வைத்து, சுற்றிலும் அடைத்துத் தைத்தேன். இப்போது ஜிப்பைத் திறந்தால் நெஞ்சு தெரியாது, பைதான் இருக்கும். ஜிப் திறக்காவிட்டால் தலை எப்படி நுழையும்? கழுத்து இன்னும் முழுசாக வெட்டப்படாமல்தானே இருக்கிறது! அகலமாக வெட்டி, ஜிப்பின் மேல் முனையை உள்ளே அமுக்கிப் பட்டி வைக்கச் சொன்னேன். கழுத்துக்காரி வைத்தாள்.

மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஜிப்பைத் திறந்தார். உள்ளே கையை விட்டார். மூடினார். மறுபடி திறந்தார்.

“கொத்து!” என்று கத்தினார். “ஏட்டி, மிஞ்சின பரோட்டாவக் கொத்துப் போட்டுட்டியே!”

அதுதான் பெயராகிவிட்டது. வெளியே பர்ஸ் நைட்டி, பட்டறைக்குள் கொத்து நைட்டி. பனவடலிசத்திரத்துப் பெரியம்மாவுக்கே முதலில் போன் செய்தேன். வந்தார், பர்ஸை உள்ளே போட்டார், ஜிப்பை இழுத்துவிட்டு மேலே தட்டிப் பார்த்தார். “மவளுக்கும் ஒண்ணு எடு” என்றார். அவர் ஊருக்குப் போய்ச் சொன்னது நாங்கள் போட்ட ஸ்டேட்டஸைவிட வேகமாகப் பரவியது. ஆள் இல்லாத நேரத்தில் ஓவர்லாக் அக்கா தன் மிஷினைக் கைக்காரிக்கு விட்டுக்கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கிற தபசன்று தெற்கு ரத வீதியில் காற்றிலும் நெரிசலிலும் எல்லோருமாக நின்று கும்பிட்டோம். அன்று பட்டறையில் பெரிய உருண்டை ஒன்றுகூட மிச்சமில்லை.

திருவிழா முடிந்து ஊர் காலியான காலையில் பாய் போன் செய்தார். வழக்கம்போல் மாஸ்டர் வெளியே போய்ப் பேசினார். நான் வெட்டிக்கொண்டிருந்தேன். பேசி முடித்து உள்ளே வந்தவர் நேராக அறைக்குள் போனார். பெட்டியைத் தூக்கிக் கட்டிலில் வைக்கிற சத்தம் கேட்டது.

“ஏட்டி, பழைய சேல ஏதாவது இருக்கா? அடியில விரிக்கணும்.”

எடுத்துக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு வேலையும் இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வாய் இருந்தும் ஊமையாக இருந்துவிட்டோமே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அழுதேன். ஓவர்லாக் அக்கா வந்து குழாயை மூடினார்.

“தண்ணி வீணாப் போவுது. அங்கன போயிப் பாரு” என்றார்.

அறைக்குள் போனேன். பீரோவில் என் சேலைகளை ஒரு ஓரமாக ஒதுக்கி, அவருடைய சட்டைகளை அடுக்கியிருந்தார். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் பழைய சேலையை விரித்து, அதன்மேல் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டிய பனவடலிசத்திரத்து ஆர்டர், முந்தின நாள் தைத்து முடித்த கொத்து நைட்டிகள். மூடி மூடாமல் பிதுங்கிக்கொண்டு நின்றது.

“பாய்கிட்ட வேற மாஸ்டரப் பாத்துக்கிடச் சொல்லிட்டேன்” என்றார் என்னைப் பார்க்காமல். “ஆறு மாசமா நீ ஒரு வார்த்த, போகாண்டாம்னு சொல்லுவன்னு பாத்தேன்.”

“கழுத்தக் கடைசியில வெட்டணும்னு நீங்கதான சொன்னிய” என்றேன்.

அவர் சிரித்தார். மூடியை அமுக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தார், அப்போதும் முடியவில்லை.

“அழுதது போதும். நீயும் வந்து ஏறி உக்காரு,” என்றார், “ஒத்த ஆளுக்கு இது பூட்ட மாட்டேங்கு.”